நாளுக்கு ஒரு படம்

- இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவி

முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைத்த மனிதருக்கு ஒரு நாள் மாலை சூட்டுகிறார்கள். சால்வை போர்த்துகிறார்கள். கைக்கடிகாரமோ குத்துவிளக்கோ கொடுத்து, "இனி நிம்மதியாக ஓய்வெடுங்கள்" என்று மேடையில் வாழ்த்தி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவருக்கு வழக்கம் போல் விழிப்பு வந்துவிடுகிறது. எங்கே போவது என்றுதான் தெரிவதில்லை. அந்த மறுநாளைப் பற்றி மேடையில் எவரும் பேசுவதில்லை.

இக்கட்டுரை அந்த மறுநாளைப் பற்றியது. பணி ஓய்வு பெற்றவர்கள் தங்கள் அன்றாட வாழ்விலிருந்து நாளுக்கு ஒரு புகைப்படம் எடுத்து வைக்கும் பழக்கம் ஒன்று உண்டு. வேலையற்ற பொழுதுபோக்கு என்று அதை எளிதில் ஒதுக்கிவிடலாம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். எங்கள் வீட்டிலேயே அதன் பயனைக் கண்ட பிறகு எண்ணத்தை மாற்றிக்கொண்டேன். கண்டதையும் கற்றதையும் நண்பர்களோடும் பேராசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்வதே என் நோக்கம்.

கீமேனின் கண்

என் தந்தையார் ரயில்வேயில் கீமேனாக இருந்தவர். கீமேன் என்றால் யார் என்று இக்கல்லூரியிலேயே பலர் என்னைக் கேட்டதுண்டு. தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்து நிறுத்தும் கிளிப்புகள் கழன்றிருக்கின்றனவா, தண்டவாளத்தில் விரிசல் உண்டா, ஜல்லி சரிந்திருக்கிறதா என்று தம் எல்லை முழுவதையும் நாள்தோறும் நடந்து பார்ப்பவரே கீமேன். தோளில் சுத்தியலும் ஸ்பேனரும் இருக்கும். கொடிகளும் உடன் இருக்கும். போகும்போது ஒரு பக்கத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். திரும்பும்போது மறுபக்கத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். மழையானாலும் வெயிலானாலும் இதில் மாற்றமில்லை. நாம் ரயிலில் உறங்கியபடியே ஊர் போய்ச் சேர்வதற்கு, இப்படி நடந்த கால்களும் ஒரு காரணம்.

அப்பா 34 ஆண்டுகள் நடந்தார். 2023 மே 31 அன்று ஓய்வு பெற்றார். அதன் பிறகு அந்தப் பாதையில் அவர் நடக்க முடியாது. பணியில் இல்லாதவர் தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம். அதைச் சொல்லி ஊராரை விரட்டியவரே அவர்தாம். ஆகவே விடியற்காலையில் எழுந்து லெவல் கிராசிங் கேட் வரை போவார். வெளியே நின்றபடி ஒரு வண்டி போவதைப் பார்ப்பார். திரும்பி வந்து திண்ணையில் உட்காருவார். மாலை வரை உட்கார்ந்திருப்பார். மூன்று மாதங்கள் இப்படியே போயின. பேச்சு குறைந்தது; சாப்பாடும் குறைந்தது.

அந்த ஆண்டுதான் நான் கல்லூரியில் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும், "இன்னைக்கு என்னம்மா நடந்துச்சு?" என்று அப்பா கேட்பார். வகுப்பில் நடந்தது, ஆய்வகத்தில் உடைந்தது எல்லாவற்றையும் சொல்வேன். ஒரு நாள் நான் திருப்பிக் கேட்டேன்: "உங்களுக்கு என்னப்பா நடந்துச்சு?"

"எனக்கு என்ன நடக்கும்? ஒண்ணும் நடக்கல" என்றார்.

அந்தச் சொல் என்னை உறுத்தியது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் அண்ணன் கழித்துக் கொடுத்த பழைய கைப்பேசி ஒன்று வீட்டில் கிடந்தது. அதை அப்பாவிடம் கொடுத்து, "ஒரு நாளைக்கு ஒரே ஒரு படம் எடுத்து வையுங்கப்பா. சாயங்காலம் நான் பார்க்கிறேன்" என்றேன். பொழுது போகட்டும் என்றுதான் சொன்னேன். அதற்கு மேல் எனக்கு எந்த எண்ணமும் இல்லை. செப்டம்பர் 1ஆம் தேதி முதல் படம் எடுத்தார். கேட்டின் படம். பாதிப் படத்தை அவருடைய கட்டைவிரல் மறைத்திருந்தது.

சன்னலோரத்தில் பிறந்த கலை

இதைப் பற்றி நூலகத்தில் படிக்கத் தொடங்கியபோது ஓர் உண்மை என்னை வியப்பில் ஆழ்த்தியது. கேமராவால் எடுக்கப்பட்டு இன்று வரை அழியாதிருக்கும் படங்களில் மிகப் பழையது எது? அது மன்னரின் படமன்று, போர்க்களமும் அன்று. பிரான்சு நாட்டின் ஒரு சிற்றூரில் நிசெபோர் நியெப்ஸ் என்பவர் தம் வீட்டு மாடிச் சன்னலிலிருந்து எடுத்த கூரைகளின் படம் அது. ஆண்டு 1826 அல்லது 1827. அவர் பிறந்தது 1765. அப்படியானால் அப்போது அவர் அறுபதைக் கடந்தவர்! வெள்ளீயக் கலவைத் தகட்டின் மேல் ஒரு வகை நிலக்கீலைப் பூசிக் கேமராவுக்குள் வைத்தார். ஒளி பட்ட இடத்தில் நிலக்கீல் இறுகியது. இறுகாத பகுதியை எண்ணெய்க் கலவையால் கழுவி நீக்கினார். எஞ்சியது படமாயிற்று. ஒளி பட எட்டு மணி நேரமாவது ஆகியிருக்கும் என்பது நெடுநாள் கணக்கு. சில நாட்களே ஆகியிருக்கும் என்று கருதுவோரும் உளர். சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே போய்விட்டதால் படத்தில் கட்டடங்களின் இருபுறமும் வெயில் விழுந்திருக்கிறது. ஆக, புகைப்படக் கலையே ஒரு பெரியவர் தம் வீட்டுச் சன்னலுக்கு வெளியே இருப்பதைப் பொறுமையாகப் பார்த்ததில் தொடங்குகிறது என்றால் அது மிகையாகாது.

இன்னொருவரையும் இங்கே சொல்ல வேண்டும். ஆந்த்ரே கெர்த்தேஸ் 1894-இல் புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர். பங்குச் சந்தையில் எழுத்தராக வேலை பார்த்தவர். 1912-இல் தம் முதல் கேமராவை வாங்கினார். 1925-இல் பாரிசுக்கும் 1936-இல் நியூயார்க்குக்கும் சென்றார். அங்கே ஒரு வீட்டு அலங்கார இதழுக்காகப் பல்லாண்டுகள் படம் எடுத்து, பின்னர் அப்பணியிலிருந்து விலகினார். வாஷிங்டன் சதுக்கத்தை நோக்கிய பன்னிரண்டாம் மாடி வீட்டில் அவரும் மனைவி எலிசபெத்தும் வாழ்ந்தனர். 1977-இல் மனைவி மறைந்தார். முதியவர் தனித்து நின்றார்.

பின்னர் ஒரு கடையில் கண்ணாடியால் ஆன சிறு மார்பளவுச் சிலையைக் கண்டார். அதன் கழுத்தும் தோளும் அவருக்கு மனைவியை நினைவூட்டின. வாங்கி வந்து சன்னல் விளிம்பில் வைத்தார். காலை ஒளியிலும் மாலை ஒளியிலும் அந்தச் சிலையையும், அதனூடே தெரிந்த வானத்தையும் கட்டடங்களையும் மீண்டும் மீண்டும் படம் எடுத்தார். அப்படங்கள் 1981-இல் "என் சன்னலிலிருந்து" என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாக வந்தன. நூல் மனைவிக்கே உரித்தாக்கப்பட்டது. 1985-இல் 91ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அப்படங்களை அவர் எடுத்த கருவி போலராய்டு நிறுவனத்தின் எஸ்.எக்ஸ்-70. எட்வின் லேண்ட் என்னும் விஞ்ஞானி உருவாக்கி 1972-இல் வெளிவந்தது. படத்தாளின் ஓர் ஓரத்தில் சிறு பையில் வேதிக் குழம்பு இருக்கும். தாள் வெளியே வரும்போது இரண்டு உருளைகள் அந்தப் பையை நசுக்கிக் குழம்பைப் படலங்களுக்கிடையே பரப்பும். இருட்டறை வேண்டாம், சில நிமிடங்களில் கண்ணெதிரிலேயே படம் தோன்றும். ஆனால் அன்று ஒரு பெட்டியில் பத்துப் படங்களே இருந்தன. பத்தும் தீர்ந்தால் மீண்டும் பணம் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. ஆகவே எண்ணிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. இதே வகைப் படத்தாளில் ஜேமி லிவிங்ஸ்டன் என்ற அமெரிக்கர் 1979 மார்ச் 31 முதல், தாம் இறந்த 1997 அக்டோபர் 25 வரை, நாளுக்கு ஒரு படம் என்று எடுத்து 6,000-க்கும் மேற்பட்ட படங்களை விட்டுச் சென்றார். அவர் ஓய்வு பெற்றவர் அல்லர். நாற்பத்தொரு வயதில் மறைந்தவர். ஆயினும் "நாளுக்கு ஒன்று" என்ற நெறிக்கு அவரை விடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடையாது.

ஒன்று என்பதன் பொருள்

நம் கைப்பேசியில் பத்து என்ற எல்லை இல்லை. ஒரு திருமணத்துக்குப் போனால் நூறு படம் எடுக்கிறோம். ஒன்றையும் திரும்பிப் பார்ப்பதில்லை. இதனால் நினைவு வளர்கிறதா, தேய்கிறதா? அமெரிக்காவில் 2014-இல் வெளிவந்த ஓர் உளவியல் ஆய்வு இதற்கு விடை தருகிறது. அருங்காட்சியகத்துக்குச் சென்றவர்கள் சில பொருள்களை வெறுமனே பார்த்தார்கள். சில பொருள்களைப் படம் எடுத்தார்கள். மறுநாள் சோதித்தபோது, படம் எடுத்த பொருள்களே குறைவாக நினைவில் இருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் பொறுப்பை இறக்கி வைத்துவிட்டது போலும்! ஆனால் ஒரு பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படம் எடுத்தபோது நினைவு அப்படித் தேயவில்லை. கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்ததே காரணம் என்று கொள்ளலாம்.

நாளுக்கு ஒரு படத்தின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. ஒன்றுதான் எடுக்கலாம் என்றால் காலை முதல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதை எடுப்பதா, இன்னும் நல்லது வருமா என்று எண்ண வேண்டும். படம் எடுக்க ஒரு நொடி போதும். பார்ப்பதற்கு ஒரு நாள் வேண்டும். இங்கிலாந்தின் லங்காஸ்டர், ஷெஃபீல்டு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர், நாள்தோறும் படம் எடுக்கும் சிலரைக் கவனித்து 2018-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். தன்னைத் தானே பேணிக்கொள்ளல், பிறரோடு உறவாடல், கடந்ததைத் திரும்பிப் பார்த்தல் ஆகிய மூன்று வழிகளில் இப்பழக்கம் மனத்துக்கு நலம் செய்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

என் தந்தையார் ஆய்வுக் கட்டுரை எதையும் படித்தவர் அல்லர். ஆனால் இரண்டே வாரங்களில் அவர் இதைப் புரிந்துகொண்டார். "இது நம்ம பழைய வேலைதாம்மா. நேத்து இல்லாதது இன்னைக்கு என்ன இருக்குன்னு பார்க்கணும், அவ்வளவுதான்" என்றார். கீமேனின் கண் மறுபடியும் வேலைக்குப் போகத் தொடங்கியது.

சாய்ந்த வெயிலின் கணக்கு

ஒரு நாள் அப்பாவின் படம் ஒன்றில் மண் தெருவின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் செதுக்கியது போலத் தெரிந்தது. "எப்படிப்பா எடுத்தீங்க?" என்றேன். "காலை வெயில்ல குனிஞ்சு பார்த்தா எல்லாம் தெரியும். தண்டவாளத்துல பள்ளம் விழுந்திருந்தாலும் அப்பத்தான் கண்ணுல படும்" என்றார். எனக்குக் கணக்கு உடனே நினைவுக்கு வந்தது. ஒரு பொருளின் உயரத்தை, சூரியன் அடிவானத்திலிருந்து நிற்கும் கோணத்தின் டேன்ஜெண்ட் மதிப்பால் வகுத்தால் நிழலின் நீளம் கிடைக்கும். ஒரு செ.மீ. உயரமுள்ள கல்லுக்கு, சூரியன் 60 பாகையில் இருக்கும்போது நிழல் 0.58 செ.மீ.; 10 பாகையில் இருக்கும்போது 5.67 செ.மீ. ஏறத்தாழப் பத்து மடங்கு! உச்சி வெயிலில் தட்டையாகத் தெரியும் தெரு காலையில் உயிரோடு எழுந்து நிற்பதற்குக் காரணம் இதுதான். நான் முதலாண்டில் தாளில் போட்ட கணக்கை அவர் 34 ஆண்டுகள் காலால் நடந்து கண்டிருக்கிறார். படித்தவள் நான் என்று உள்ளூர இருந்த செருக்கு அன்று சற்றுக் குறைந்தது.

நூறு படங்கள் சொன்னது

2024 பொங்கலுக்கு அண்ணன் ஊருக்கு வந்தபோது படங்கள் 130-ஐத் தாண்டியிருந்தன. ஒரு நாளும் தவறவில்லை. காய்ச்சலில் கிடந்த நான்கு நாட்களும் வீட்டுக் கூரையைப் படம் எடுத்து வைத்திருந்தார். முதல் நூறு படங்களை எல்லாரும் உட்கார்ந்து வரிசையாகப் பார்த்தோம். விளையாட்டாக நான் ஒரு தாளில் வகைப்படுத்தி எண்ணினேன். கேட்டும் ரயிலும் 23. ஆடு, கோழி, மரம், வானம் 18. தெருவும் தெரு மனிதர்களும் 20. மீதி 39 படங்களிலும் அம்மா இருந்தார்.

அந்த 39 படங்களையும் தனியே பார்த்தோம். குழாயடியில் குடத்தோடு அம்மா. அடுப்படியில் அம்மா. துணி துவைக்கும் கல்லில் அம்மா. மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றும் அம்மா. கடையில் பீடி போட்டுவிட்டு வரும் அம்மா. மறுபடியும் குழாயடி. ஒரு படத்திலாவது அம்மா சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அண்ணன் சிரித்துக்கொண்டே, "அம்மாவை ஒரு தடவையாவது சும்மா இருக்கும்போது எடுத்திருக்கலாமேப்பா" என்றான். அப்பா சிரிக்கவில்லை. கைப்பேசியை வாங்கி மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். பிறகு சொன்னார்:

"போற பக்கத் தண்டவாளத்தை மட்டும் பார்த்துட்டு இருந்திருக்கேன். வர்ற பக்கத்தைப் பார்க்கவே இல்ல."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "பால் பொங்குது" என்று எழுந்து போனார். அம்மா பத்து வயதில் பீடி சுற்றத் தொடங்கியவர். மாலை, சால்வை, மே 31 எல்லாம் அவருக்குக் கிடையாது. அப்பா ஓய்வு பெற்ற பிறகு மூன்று வேளையும் வீட்டில் சாப்பிட ஓர் ஆள் கூடியதால், அவருடைய வேலைதான் கூடியிருந்தது. நான் அந்த வீட்டிலேயே இருந்தேன். எனக்கும் அது கண்ணில் படவில்லை. ஒரு நாள் படத்தில் அது தெரியாது. நாளுக்கு ஒன்றாக நூறு சேர்ந்தபோதுதான் தெரிந்தது.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு விழித்த அப்பா கேட்டுக்குப் போகவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். பெண்கள் சிரித்தார்களாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் தண்ணீர் அவர் பொறுப்பு. அன்றைய படத்தில் அப்பா இரண்டு குடங்களோடு வாசலில் நிற்கிறார். படம் சற்றுக் கலங்கியிருக்கிறது. எடுத்தவர் அம்மா.

தொடங்க விரும்புவோருக்கு

எங்கள் அனுபவத்தில் கண்ட சில நெறிகளை இங்கே தருகிறேன்.

முதலாவது, நாளுக்கு ஒன்றே ஒன்று. இரண்டாவது எடுத்தால் முதலாவதற்கு மதிப்பில்லை.

இரண்டாவது, நன்றாக வரவில்லை என்று அழிக்கக் கூடாது. கட்டைவிரல் விழுந்த படமும் அந்த நாளின் படமே.

மூன்றாவது, ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு ஒரு வரி எழுத வேண்டும். கைப்பேசி தேதியையும் நேரத்தையும் தானே குறித்துக்கொள்ளும்; ஏன் எடுத்தோம் என்பதைக் குறிக்காது. அப்பாவின் நோட்டில் "புளியமரம். நேற்றுப் பூ இல்லை" என்று இருக்கும்.

நான்காவது, பிறரைப் படம் எடுக்கும் முன் கேட்க வேண்டும். குழாயடியும் பள்ளிக்கூட வாசலும் நம் கேமராவுக்காக இருப்பவை அல்ல. தண்டவாளத்தில் இறங்கிப் படம் எடுப்பது உயிருக்கே ஆபத்து. இதை ஒரு கீமேனின் மகளாகச் சொல்கிறேன்.

ஐந்தாவது, படங்களை இரண்டு இடங்களில் சேர்த்து வைக்க வேண்டும். ஒரு படம் மூன்று மெகாபைட் என்றால் 365 படங்கள் 1,095 மெகாபைட். ஒரு சிறு பென் டிரைவில் பல ஆண்டுகள் அடங்கும். மாதம் ஒரு படத்தையாவது ஸ்டுடியோவில் அச்சிட்டு வைப்பது நல்லது. கருவி கெட்டாலும் தாள் நிற்கும்.

ஆறாவது, மிக முக்கியமானது. எடுத்த படத்தை அன்றைக்கே பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நாம்தான்.

நிறைவாக

எங்கள் வீட்டு ஆல்பத்தில் கல்யாணமும் காதுகுத்தும் இருக்கின்றன. அப்பாவின் 34 ஆண்டுப் பணிக்கு அடையாள அட்டைப் படம் ஒன்றும், மாலையோடு நிற்கும் வழியனுப்பு விழாப் படம் ஒன்றும் தவிர வேறு படமில்லை. சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் நடந்த ஒரு நாளின் படம் கூட இல்லை. இனி அதை எவராலும் எடுக்க முடியாது. இக்கல்லூரியில் என்னைப் போல் வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள் பலர் இருக்கிறோம். மில்லிலும் வயலிலும் பஸ்ஸிலும் சத்துணவுக் கூடத்திலும் உழைத்தவர்களின் பிள்ளைகள் நாம். நம் பெற்றோரின் உழைத்த நாட்கள் படமின்றியே போய்விட்டன. ஓய்வு நாட்களாவது அவ்வாறு போக வேண்டாம். இன்னும் ஓய்வே கிடைக்காத அம்மாக்களின் நாட்களும் போக வேண்டாம்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. பழைய கைப்பேசி ஒன்று போதும். இன்று மாலை வீட்டுக்குப் போனதும் நம் பெரியவர்களிடம், "இன்னைக்கு உங்களுக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்போம்.

இப்போதெல்லாம் அப்பா "ஒண்ணும் நடக்கல" என்று சொல்வதில்லை. கைப்பேசியை எடுத்து நீட்டுகிறார்.